பெருந்தன்மையில் சிறந்த எங்கள் சபையார்

திண்டுக்கல்லுக்கு வருகிற விருந்தாளிக்கு மலைக்கோட்டையைக் காட்டுவார்கள், பிரியாணிக் கடையைக் காட்டுவார்கள், சிறுமலைப் பழத்தை உரித்துக் கையில் கொடுப்பார்கள். ஊரின் உண்மையான பெருமையை மட்டும் யாரும் காட்டுவதில்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஏதாவது ஒரு சபைக்குள் வந்து, பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் ஜனங்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். மைக்கில் எது வந்தாலும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும் அந்த விசாலமான மனசு வேறெந்தச் சீமையிலும் கிடைக்காது.

அதே ஆள் சனிக்கிழமை கடைவீதியில் எப்படி இருந்தார் என்று தெரிந்தால்தான் இதன் அருமை விளங்கும். பூட்டு வாங்கப் போயிருப்பார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டுதான். இருந்தாலும் நம்ப மாட்டார். சாவியை நாலு தரம் திருகுவார். பூட்டிவிட்டு வளையத்தை இழுத்துப் பார்ப்பார். பக்கத்தில் கிடக்கும் பூட்டின் சாவி இதில் நுழைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பார். மறுநாள் காலையில் அந்தச் சந்தேகக் கண் தானாக மூடிக்கொள்ளும். பிரசங்கியார் ஆதியாகமத்தில் ஆரம்பிப்பார், இல்லையென்றால் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆரம்பிப்பார். முடிப்பது மட்டும் ‘இந்த மாசம் உனக்கொரு கதவு திறக்கும்’ என்ற ஒரே இடத்தில்தான். வேதாகமத்தின் அறுபத்தாறு புத்தகங்களுக்கும் ஒரே சாவி. பூட்டுக்காரர் அப்படி ஒரு சாவியைப் போட்டால் அதற்குப் பெயர் மோசடி. பிரசங்கியார் போட்டால் அபிஷேகம். இந்த வித்தியாசம் தெரிந்த ஜனம் எங்கள் ஜனம்.

எல்லா ஊரும் இப்படி நாகரிகமாக நடந்துகொண்டதில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தில் பெரோயா என்று ஓர் ஊர் வருகிறது. தெசலோனிக்கேயில் கலகம் மூண்டு, இராத்திரியோடு இராத்திரியாக அங்கே அனுப்பப்பட்ட பவுல் பிரசங்கம் பண்ணுகிறார். கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? ஆமென் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு சாப்பிட்டார்களா? இல்லை. இவர் சொன்னது வேதத்தில் இருக்கிறதா என்று ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். பவுலையே சந்தேகப்பட்ட கூட்டம்! லூக்கா ஏனோ அவர்களை நற்குணசாலிகள் என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊருக்கு ஒருமுறை வந்திருந்தால் நற்குணம் என்றால் என்னவென்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

இந்த விஷயத்தில் பரமார்த்த குருவின் சீடர்களைக்கூட நாங்கள் தாண்டிவிட்டோம். அந்தக் கதையை எழுதிய வீரமாமுனிவர் என்கிற பெஸ்கியின் பெயரில் எங்கள் திண்டுக்கல்லிலேயே இயேசு சபையாரின் நவதுறவகம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்லலாம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து பேர். குரு எதைச் சொன்னாலும் நம்புகிறவர்கள். ஆனால் ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்ற கேள்வி வந்தபோது, கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சோதனை கோமாளித்தனம்தான், ஆனாலும் சோதனை, சோதனைதான். எங்கள் சபையில் கொள்ளிக்கட்டைக்குக்கூட வேலை கிடையாது.

சோதிக்க வசதி இல்லை என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சிட்டு முடித்தார். பாமர ஜனமும் தன் மொழியில் தானே வாசித்துப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். முந்நூறு வருஷம் தாண்டிவிட்டது. அந்தப் புத்தகத்தை நாங்கள் எவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறோம் தெரியுமா? தோல் பதனிடுகிற ஊர் அல்லவா, நல்ல தோல் உறை போட்டு, ஜிப் வைத்து, ஞாயிறுதோறும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறோம். பிரசங்கியார் வசனத்தின் எண்ணைச் சொல்வார். ஜிப்பை இழுத்து, அந்தப் புத்தகத்தைத் தேடி, அதிகாரத்தைப் பிடிப்பதற்குள் அவர் அந்த வசனத்தை விட்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறியிருப்பார். பிறகு திறந்து என்ன பயன் என்று ஜிப்பை மறுபடி மூடிவிடுகிறோம். எங்கள் வேதாகமங்களில் பக்கம் கிழியாமலிருப்பதற்குக் காரணம் இந்த மரியாதைதான்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையைப் பற்றிச் சொல்லாவிட்டால் புகழ்ச்சி முழுமையாகாது. பன்னிரண்டு மணிக்கு ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கிடைக்கும். ரோஜாப்பூ, பின்னால் சூரிய உதயம், நடுவில் எரேமியா 29:11. தேவன் நம்மைக் குறித்து நல்ல எண்ணம் வைத்திருக்கிறார், நல்ல எதிர்காலம் தருவார் என்கிற வசனம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் கழித்துத்தான் விடுதலை என்று கெடு போட்டிருக்கிறது. சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டுகிற தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்பதுதான் அந்தக் கடிதத்தின் பேச்சே. அட்டை சிறியது, எழுபது வருஷத்துக்கு அதில் இடம் ஏது? எழுபதைப் பன்னிரண்டு மாதமாகச் சுருக்கிக் கொடுக்கும் எங்கள் ஊழியர்களின் இரக்கம் எரேமியாவுக்கு இல்லாமல் போயிற்று.

பிலிப்பியர் 4:13-க்கும் அந்த யோகம்தான். கிறிஸ்துவால் எல்லாம் செய்ய எனக்குப் பலமுண்டு என்பது அதன் கருத்து. பிளஸ் டூ பரீட்சை அட்டையிலும், மினி வேன் கண்ணாடியிலும், புதுக் கடையின் கல்லாப்பெட்டிக்கு மேலும் அது இருக்கும். அதை எழுதும்போது பவுல் சிறையில் இருந்தார். பட்டினி கிடக்கவும் பழகிக்கொண்டேன், குறைவிலும் நிறைவிலும் ஒரே மாதிரி இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று முந்தின வசனத்தில் சொல்லியிருக்கிறார். பட்டினியை யார் கண்ணாடியில் ஒட்டுவார்கள்? முன்னும் பின்னும் வெட்டி, கொழுப்பை நீக்கி, பதமான துண்டை மட்டும் தட்டில் வைக்கிற கைப்பக்குவம் எங்கள் பிரசங்கியாருக்கு உண்டு. மிச்சம் எங்கே என்று இலையில் உட்கார்ந்தவர் கேட்பதில்லை.

காணிக்கை நேரத்தில் மல்கியா 3:10 தவறாமல் வரும். தசமபாகத்தைக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணி திறக்கும் என்கிற வசனம். எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது மனப்பாடம். அதற்கு ஐந்து வசனம் மேலே, அதே அதிகாரத்தில், ஐந்தாம் வசனம் என்று ஒன்று இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் பக்கம் எப்போதும் அந்த இடத்தில் புரண்டுவிடுவதால் அதை நாங்கள் கேட்டதில்லை.

உபதேசம் கிடக்கட்டும், பிரசங்கம் பண்ணும் விதத்துக்கு வருவோம். ஏறக்குறைய 400-ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் யோவான் கிறிசோஸ்தோம் என்று ஒரு பேராயர் இருந்தார். பெயருக்கே பொன்வாய் என்று அர்த்தம். ஜனங்கள் பிரசங்கத்தின் நடுவே கைதட்டுகிறார்கள், கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று அவருக்கு வருத்தம். இனிமேல் சபையில் யாரும் கைதட்டக் கூடாது என்று ஒரு பிரசங்கத்தில் விதி போட்டார். அதற்கும் கைதட்டல் விழுந்தது. மனிதர் நொந்துபோனார். எங்கள் பிரசங்கியார்களுக்கு அந்த நோவு இல்லை. தட்டாவிட்டால் தட்டச் சொல்லியே வாங்கிக்கொள்கிறார்கள். ‘பக்கத்துல இருக்கிறவங்களப் பாத்து, உனக்கு ஒரு அற்புதம் இருக்குன்னு சொல்லுங்க’ என்பார்கள். பக்கத்தில் இருப்பது யாரென்றே தெரியாது, அவருக்கு என்ன கஷ்டம் என்றும் தெரியாது. ஆனாலும் அற்புதத்தை அறிவித்துவிடுவோம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படி நாங்களே பிரசங்கம் பண்ணிக்கொள்வதால் பிரசங்கியாருக்கும் மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. கடைசியில் கீபோர்டு மெல்ல ஆரம்பிக்கும். ஆவியானவர் எந்த நேரத்தில் அசைவாடுவார் என்பது கீபோர்டு தம்பிக்கு முன்கூட்டியே தெரியும்.

ஒரு பிரசங்கம் போதிக்க வேண்டும், மகிழ்விக்க வேண்டும், மனதை அசைக்க வேண்டும் என்று சிசரோவிடமிருந்து எடுத்து எழுதி வைத்தார் அகுஸ்தீன். மூன்றில் போதிப்பதுதான் தப்பவே முடியாத கடமை என்றும் சேர்த்துக்கொண்டார். மூன்றையும் ஒரே ஆள் செய்வது சிரமமல்லவா? எங்கள் ஊரில் மகிழ்விப்பதை ஜோக்குக்கும், அசைப்பதை ஸ்பீக்கர் பெட்டிக்கும் ஒப்படைத்துவிட்டோம். போதிப்பதை அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.

துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பேசினதால் ஐத்திகு என்கிற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். அந்த ஆபத்தையும் நாங்கள் யோசித்துக் கட்டியிருக்கிறோம். எங்கள் சபைகள் தரைத்தளத்தில் தகரக் கூரை போட்டவை. பிளாஸ்டிக் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் கை உண்டு. விழ வழியே இல்லை. பவுல் கீழே இறங்கிப்போய் அந்தப் பையனைத் தூக்கி நிறுத்தின தொந்தரவும் எங்கள் ஊழியர்களுக்கு இல்லை.

கத்தோலிக்கப் பங்குகளின் சிறப்பைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனை என்பார்கள். போப் பிரான்சிஸ் 2013-ல் வெளியிட்ட நற்செய்தியின் மகிழ்ச்சி என்ற மடலில், மறையுரைக்கும் அதன் தயாரிப்புக்கும் மட்டும் இருபத்தைந்து பத்திகள் ஒதுக்கினார். தயாரிக்காமல் பீடம் ஏறுகிறவரை நேர்மையற்றவர் என்றும் பொறுப்பற்றவர் என்றும் கடிந்துகொண்டார். 2024 ஜூனில் மறையுரை எட்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள் என்றும் சொன்னார். எங்கள் சாமிமார் அந்த எட்டு நிமிடத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறார்கள்: நற்செய்திக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் போகவே மாட்டார்கள். பாக்கி இருபத்தைந்து நிமிடமும் திருவிழா வரி, குருசடிக்கு டைல்ஸ், சப்பரத்துக்கு லைட் செட், போன வருஷத்து நிலுவை. அந்தப் பகுதியில் ஒருவரும் தூங்குவதில்லை. போப்பாண்டவரின் கவலையும் தீர்ந்தது.

சி.எஸ்.ஐ. பக்கம் ஒவ்வொரு ஞாயிறுக்கும் தியானப் பொருளும் பாடப்பகுதிகளும் அல்மனாக்கில் அச்சாகி வந்துவிடும். பழைய ஏற்பாட்டிலிருந்து ஒன்று, நிருபத்திலிருந்து ஒன்று, சுவிசேஷத்திலிருந்து ஒன்று என்று முறையாக வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் மூன்றுக்கும் மரியாதையாக விடை கொடுத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த கழுகுக் கதைக்குப் போய்விடுவார் ஐயர். கழுகு நாற்பது வயதில் தன் அலகைத் தானே உடைத்துக்கொண்டு மறுபிறவி எடுக்கும் என்கிற அந்தக் கதை எந்தக் கழுகுக்கும் தெரியாது. அதனாலென்ன, எங்களுக்குத் தெரியுமே!

எங்கள் பிரசங்கங்களில் பாவம் கண்டிக்கப்படுவதில்லை என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். சீரியல் கண்டிக்கப்படுகிறது. செல்போன் கண்டிக்கப்படுகிறது. பெண்பிள்ளைகளின் ஜீன்ஸ் மாதம் இருமுறை கண்டிக்கப்படுகிறது. சாதி மட்டும் வருவதில்லை. அது பாவப் பட்டியலிலிருந்து பண்பாட்டுப் பட்டியலுக்கு மாறிவிட்டது போலிருக்கிறது. முன்னோர்கள் இதிலும் கொஞ்சம் முரட்டு ஆசாமிகள். 1834-ல் மதுரையிலும் மறு வருஷம் திண்டுக்கல்லிலும் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், 1840-களில் சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நின்றார்கள். எங்களுக்கு அந்த முரட்டுத்தனம் இல்லை. கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்கிற வேற்றுமை இல்லை என்று கலாத்தியர் நிருபத்திலிருந்து உருக்கமாகக் கேட்போம். அதே வாரம் வரன் தேடும் விளம்பரத்தில், மறுபடியும் பிறந்த, ஜெபிக்கிற, நம் சமூகத்துப் பெண் தேவை என்று எழுதுவோம். மறுபடியும் பிறந்தாலும் அதே சாதியில் பிறக்க வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

இவ்வளவு சாந்தமான கூட்டத்திலும் எப்போதாவது ஒரு வாலிபன் எழுந்து, ‘பாஸ்டரய்யா, நீங்க சொன்னது அந்த வசனத்துல இல்லையே’ என்று கேட்டுவிடுவதுண்டு. அவனுக்குப் பதில் தயாராக இருக்கிறது: அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே. 105-ஆம் சங்கீதத்தில் அந்த வார்த்தை, நாடோடிகளாய்த் திரிந்த ஆபிரகாம் குடும்பத்துக்குத் தீங்கு செய்யாதே என்று ராஜாக்களை அதட்டுவதற்காக வருகிறது. ஆதரவற்ற கொஞ்சம் பேருக்குக் காவலாக இருந்த வசனத்தை, மைக் பிடித்தவருக்குக் காவலாக மாற்றி நிறுத்தியிருப்பது சாதாரணக் கெட்டிக்காரத்தனம் இல்லை. தீர்க்கதரிசி பேசட்டும், மற்றவர்கள் நிதானித்துப் பார்க்கட்டும் என்று பவுல் கொரிந்தியருக்குச் சட்டமே போட்டிருக்கிறார். அந்தச் சட்டம் கொரிந்து ஊருக்குள்தான் செல்லும் என்று வைத்துக்கொண்டோம்.

பிரசங்கம் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் இந்த ஜில்லாவில் உண்டு. 1955-ல் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் ஆஸ்பத்திரியைத் தொடங்கின டாக்டர்கள், காய்கறி மூட்டை தூக்குகிறவனுக்கும் காட்டு வேலைக்குப் போகிறவளுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டே காலத்தைக் கழித்துவிட்டார்கள். கீபோர்டு இல்லை, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லச் சொல்வதும் இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கு வைத்தியம் பார்ப்பதோடு சரி. மதிப்பெண் போடலாம் என்றால் எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை.

ஏனென்றால் எங்களிடம் மதிப்பெண் பட்டியல் தெளிவாக இருக்கிறது. குரலுக்கு 25, தொண்டை கட்டினால் அதற்குள்ளேயே சலுகை உண்டு. கண்ணீருக்கு 20. ஜோக்குக்கு 15. வெளிநாடு போய் வந்ததற்கு 15. பந்திக்கு முன்னால் முடித்ததற்கு 15. வெள்ளை ஜிப்பாவுக்கு 10. மொத்தம் நூறு கூடிவிட்டதால், வசனத்தில் உள்ளதைச் சொன்னாரா என்பதற்கு மார்க் மிச்சமில்லை.

இந்தப் பட்டியலை எங்கள் ஆட்கள் எவ்வளவு கறாராகக் கையாளுகிறார்கள் என்பதை வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமச் சபையில் பார்த்தேன். சுற்றிலும் நூற்பாலைகள், அறுப்பின் பண்டிகை, முன்வரிசையில் மில்காரர் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வரவேண்டிய பெரிய ஊழியர் வராததால், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரை மேடையேற்றிவிட்டார்கள். சாயம்போன சட்டை, மெல்லிய குரல். மல்கியா மூன்றாம் அதிகாரத்தை எடுத்தார். எல்லோரும் பத்தாம் வசனத்துக்கு ஆமென் சொல்லத் தயாராக இருந்தோம். மனிதர் ஒன்றாம் வசனத்தில் ஆரம்பித்தார். ஐந்தாம் வசனத்தில் நின்றுவிட்டார். கூலிக்காரன் கூலியில் கைவைக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவர்களுக்கும் விரோதமாகத் தேவன் தானே சாட்சி சொல்ல வருவார் என்று அங்கே இருக்கிறதாம்.

‘மில்லுல நைட் ஷிப்ட் பாக்குற பிள்ளைகளுக்குக் கூலி ஒழுங்காப் போகுதா, பீகார்ல இருந்து வந்த பையன்களுக்கு ஒழுங்கா சம்பளம் குடுக்குறமான்னு கேட்டுட்டுத்தான் நான் பத்தாம் வசனத்துக்குப் போக முடியும்’ என்றார். அதற்குமேல் கத்தவில்லை, அழவில்லை. அந்த அதிகாரம் யாருக்கு எழுதப்பட்டது, ஏன் எழுதப்பட்டது என்று எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லிவிட்டு இருபத்தைந்து நிமிடத்தில் இறங்கிவிட்டார். ஓர் ஆமென்கூட விழவில்லை. அவர் சொன்னது புத்தகத்தில் இருக்கிறதா என்று திறந்து பார்த்தது பின்வரிசையில், மில் வேனில் வந்திருந்த நாலைந்து பிள்ளைகள் மட்டும். அவர்களுக்குக் கமிட்டியில் ஓட்டு இல்லை.

பந்தி முடிந்ததும் வேப்பமரத்தடியில் கமிட்டி கூடியது.

‘எப்படிண்ணே இருந்துச்சு?’ என்றார் செயலாளர்.

‘நல்ல மனுசன்தாண்ணே. ஆனா பிரசங்கம் ஒட்டலை’ என்றார் பொருளாளர். ‘காணிக்கைப் பையையும் பாத்தேன். அதுலயும் ஒட்டலை.’

‘அடுத்த வருசம் அந்தப் பெரிய ஊழியருக்கே இப்பவே தேதி சொல்லிருவோம்ணே.’

வாத்தியாரை அதற்குப் பிறகு யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. எங்கள் சபையாருக்குப் பிரசங்கத்தை எடைபோடத் தெரியாது என்று இனி யாரும் வாய் திறக்கக் கூடாது. வருஷம் முழுவதும் வந்து போன பிரசங்கங்களில் ஒன்றே ஒன்றில்தான் வசனம் இருந்தது. அதை ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்துக்குள் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டார்கள்.